இரசாயனப் பொறியியல் பட்டம்: சம்பளம் எவ்வளவு, கடன் யார் தலையில்?

கொட்டகலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி உயர்தரக் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் தோற்றி, நுவரெலியா மாவட்டத்துக்குரிய பொறியியல் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டான். பௌதிக விஞ்ஞானத்துக்கு அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் அவன் மனம் அதில் இல்லை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் (தேயிலை உலர்த்தும் இயந்திரம்) பக்கம் வேலை செய்பவர்; சிறு வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோன நாள்களிலிருந்தே இவனுக்கு இரசாயனப் பொறியியல் மீது ஆசை.

இப்போது முகவர் ஒருவர், வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடியாக அந்தத் துறையிலேயே இடம் எடுத்துத் தருவதாகவும், நான்கு வருடங்களுக்கும் சேர்த்து 60 இலட்சம் ரூபா போதும் என்றும், படித்து முடித்தவுடன் டொலரில் சம்பளம் என்றும் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் மாதாந்தச் சம்பளச் சீட்டு வைத்திருப்பவள் நான் மட்டுமே. லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதி கிடையாது. அம்மாவின் சங்கிலியும் தோடும் ஏற்கெனவே அடகில் இருக்கின்றன. ஆகவே கடன் எடுப்பதென்றால் அது என் பெயரில்தான் எடுக்கப்படும்.

மூன்றாம் தடவை தோற்றுவதா, பௌதிக விஞ்ஞானத்தை ஏற்றுக்கொள்வதா, கடன் வாங்கி அனுப்புவதா என்று தெரியாமல் கேட்கிறேன். இந்தப் பட்டம் கொண்டுவரும் வருமானம் இந்தக் கடனைத் தாங்குமா? துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.


பண்டாரவளையிலிருந்து பியகமைக்கு எழுதியது:

டீச்சர், நான் அரச பல்கலைக்கழகமொன்றில் இத்துறையைப் படித்துவிட்டு, பியகமையில் இறப்பர் பொருள்கள் உற்பத்தி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு எங்கே வேலை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சம்பளத்தின் அளவை அதுவே தீர்மானிக்கிறது.

இரசாயனப் பொறியியல் என்றதும் எல்லோரும் எண்ணெய் சுத்திகரிப்பை நினைக்கிறார்கள். இலங்கையில் இருப்பது சப்புகஸ்கந்தவில் 1969 இல் இயங்கத் தொடங்கிய ஒரேயொரு சுத்திகரிப்பு நிலையம். அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 38,000 பீப்பாய். அங்கே ஆண்டுதோறும் எத்தனை பேரைப் புதிதாக எடுக்க முடியும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் போவது இறப்பர் கையுறை, டயர், சிரட்டைக் கரியிலிருந்து செயற்படுத்திய கரி, சீமெந்து, துணிச் சாயமிடல், சவர்க்காரம், பால்மா, குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய இடங்களுக்கு. இவற்றில் பல இடங்களில் பதவியின் பெயரே உற்பத்தி நிறைவேற்று அதிகாரி என்றோ செயன்முறைப் பொறியியலாளர் என்றோ இருக்கும். அதே நாற்காலிக்கு இயந்திரப் பொறியியல் படித்தவரும் விண்ணப்பிப்பார், சில வேளைகளில் இரசாயனவியல் சிறப்புப் பட்டதாரியும் விண்ணப்பிப்பார்.

இரண்டாவது விடயம் இடம். நான் சொன்ன தொழிற்சாலைகளில் பெரும்பான்மை மேல் மாகாணத்தில், அல்லது அதன் ஓரத்தில் இருக்கின்றன. கம்பஹாவிலோ களுத்துறையிலோ பிறந்த பட்டதாரி வீட்டிலிருந்து வேலைக்குப் போய், அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு, சம்பளத்தில் பெரும் பகுதியைச் சேமித்துவிடுவார். நாங்கள் அதே சம்பளத்தில் போர்டிங் காசு, கடைச் சாப்பாடு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பஸ் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணவேண்டும். பட்டதாரிச் சம்பளம் பற்றிய எந்தப் பட்டியலிலும் இந்த வித்தியாசம் வராது.

இன்னொன்றையும் தம்பி அறிந்திருக்கவேண்டும். அரச பல்கலைக்கழகங்களில் நேரடியாக இரசாயனப் பொறியியலுக்கு எடுக்கமாட்டார்கள். முதலில் பொதுவாகப் பொறியியல் பீடத்துக்குள் நுழைந்து, ஆரம்பக் கட்டப் பெறுபேற்றின்படி துறை பிரிக்கப்படும். மொறட்டுவையிலும் பேராதனையிலும் இத்துறை இருக்கிறது. பொதுவாகக் கணினியும் இலத்திரனியலும் முதலில் நிரம்பும். இரசாயனத்தை விரும்பிக் கேட்பவருக்கு அது கிடைக்காமல் போவது அரிது. ஆகவே மூன்றாம் தடவையில் அவர் பொறியியலுக்குள் நுழைந்துவிட்டால், ஆசைப்பட்ட துறை பெரும்பாலும் கைக்கெட்டும்.


நுவரெலியா வங்கியாளர் எழுதியது:

வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் கணக்கை மட்டும் எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் சம்பளமும் வட்டியும் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்களுக்குச் சொல்லப்படும் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

புதிய பட்டதாரியின் மாதச் சம்பளம் 120,000 ரூபா என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 9,600 ரூபா, கழிந்தால் கையில் 110,400 ரூபா. 2025 ஏப்பிரல் முதல் மாதம் 150,000 ரூபா வரைக்கும் வருமான வரி இல்லை என்பதால் வரி பற்றிக் கவலையில்லை.

இப்போது கடன். 60 இலட்சத்தை 13 வீத வட்டிக்கு ஏழு வருடங்களில் திருப்பிச் செலுத்துவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 109,150 ரூபா. அதாவது கையில் வரும் சம்பளம் முழுவதும் தவணைக்கே போய்விடும். போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம்.

இதுவும் படிப்பு முடிந்த நாளில்தான் கடன் ஆரம்பமாகிறது என்ற கற்பனையில் போட்ட கணக்கு. உண்மையில் வருடத்துக்கு 15 இலட்சமாக எடுத்தாலும், படிக்கும் நான்கு வருடங்களில் கூட்டுவட்டி போடாமல் சாதாரண வட்டி மட்டும் போட்டாலும், 19 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா சேர்ந்துவிடும். பட்டத்தைக் கையில் வாங்கும்போது கடன் 79 இலட்சத்து 50 ஆயிரம். தவணை மாதம் 144,000 ரூபாவுக்கு மேல். அல்லது அந்த நான்கு வருட வட்டியை டீச்சர் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டவேண்டும். முகவர்கள் இந்த இடத்தில்தான் பேச்சை மாற்றுவார்கள்.

வட்டி மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்கள் அந்த வருடம் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே 60 இலட்சத்துக்கு வட்டி 25 வீதமானால் தவணை ஏறத்தாழ 151,900 ரூபா. அத்துடன் கட்டணம் டொலரில் என்றால் நாணய மாற்றும் சேரும்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 அளவுக்குப் போனது. 5,000 டொலர் தவணைக் கட்டணம் 10 இலட்சத்திலிருந்து 18 இலட்சமானது, படிப்பை நடுவில் விட்டுவிட்டு வரவும் முடியாத நிலையில்.

சிலர் அப்பாவின் சேமலாப நிதியைக் கேட்பார்கள். உறுப்பினர் தன் மீதியில் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் திட்டம் வீட்டுக்கும் மருத்துவச் சிகிச்சைக்கும் உரியது, படிப்புக்கு அல்ல. 2017 இல் ஆரம்பித்த வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் அது உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களின் கற்கைநெறிகளுக்கே பொருந்தும்.


ஹாலிஎல வாசகன் எழுதியது:

எல்லோரும் இப்படிப் பயமுறுத்தினால் எங்கள் பிள்ளைகள் எப்போது மேலே வருவது? அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். 2024 மே மாதத்தில் இரசாயனப் பொறியியலாளரின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 121,860 டொலர். எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான இடைநிலைச் சம்பளத்தை விட இது எவ்வளவோ மேலே இருக்கிறது. அங்கே ஒரு வருடம் உழைத்தால் வங்கியாளர் ஐயா சொன்ன கடன் மொத்தமும் முடிந்துவிடும்.


பதுளை கணித ஆசிரியர் எழுதியது:

தம்பி ஹாலிஎல, நீங்கள் கொடுத்த எண் சரியானது. அதை எங்கள் பிரச்சினைக்குப் பயன்படுத்திய விதம் எனக்கு உடன்பாடில்லை.

இடைநிலை என்பது வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம். அந்த வரிசையில் நேற்றுச் சேர்ந்தவரும் இருக்கிறார், முப்பது வருட அனுபவம் உள்ளவரும் இருக்கிறார். கடன் தவணை வந்து கதவைத் தட்டுவது முதல் ஐந்து வருடங்களில். அப்போது வரிசையின் கீழ்ப்பக்கத்தில்தான் நிற்போம். மேலும், அந்த நாடு முழுவதிலும் இரசாயனப் பொறியியலாளர் என்ற பதவியில் இருப்பவர்கள் 20 ஆயிரத்துக்குச் சற்று அதிகம் மட்டுமே. இயந்திரப் பொறியியலாளர்களோ இரண்டரை இலட்சத்துக்கு மேல். உயர்ந்த சம்பளம் கொண்ட சிறிய தொழில் இது. சிறிய தொழிலில் வேலை தேடுபவர், எண்ணெய் விலை விழும் ஆண்டில் பட்டம் பெற்றால் காத்திருக்கவேண்டும்.

அடுத்தது கடன். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2015 முதல் வெளியிட்டுவரும் கல்லூரி மதிப்பீட்டுத் தளத்தில், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு துறைக்கும் பட்டதாரிகளின் வருமானத்தையும் கடனையும் அருகருகே பார்க்கலாம். பயனுள்ள தளம், நானும் மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. ஆனால் அதிலுள்ள துறைவாரி வருமானம் மத்திய அரசின் உதவி பெற்று, பட்டத்தை முடித்தவர்களுடையது. பாதியில் விட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை, அவருடைய கடனோ அவருடன் இருக்கிறது. தனியார் வங்கிக் கடனும் அந்தக் கடன் எண்ணுக்குள் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அரசாங்கக் கடன் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர் போன்றவர்களுக்குமே உண்டு. அங்குள்ள ஒரு மாணவன் 30,000 டொலர் கடனை 6.53 வீத நிலையான வட்டியில் பத்து வருடங்களில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 341 டொலர். நீங்கள் சொன்ன இடைநிலைச் சம்பளத்தில் அது நூற்றுக்கு மூன்றரை கூட இல்லை. கொட்டகலைப் பிள்ளைக்கு அந்தக் கடனும் கிடைக்காது, அந்த வட்டியும் கிடைக்காது. ஆகையால் அவர்களுடைய சம்பளத்தையும் எங்களுடைய கடனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

படித்த பின் அங்கே தங்கி வேலை செய்வதும் விசா விதிகளைப் பொறுத்தது. படிப்புக்குப் பிந்திய பயிற்சி அனுமதி ஒரு வருடம், விஞ்ஞான தொழினுட்பத் துறைகளுக்கு இன்னும் இரண்டு வருட நீடிப்பு. அதன் பிறகு வேலை விசாவுக்குக் குலுக்கல். முகவர் சொல்லும் நாடு அமெரிக்கா கூட இல்லை என்றே நினைக்கிறேன்.


தலவாக்கலை தொழிற்சாலை அதிகாரி எழுதியது:

ட்ரையரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தொழிற்சாலைகளில் நடப்பது முழுவதும் இரசாயனப் பொறியியல்தான், அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதைத் தவிர. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் நீர் உள்ள கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, ட்ரையரில் ஏறத்தாழ 3 வீத ஈரப்பதனுக்குக் கொண்டுவருகிறோம். நான்கரைக் கிலோ அளவு கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் வருகிறது. சூட்டுக் காற்று எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகத்தில் இலையின் ஊடாகப் போகவேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் வெப்பப் பரிமாற்றம், திணிவுப் பரிமாற்றம் என்ற அத்தியாயங்களில் இருப்பது. இதை ஆராய்வதற்கென்றே 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

ஆனால் தேயிலைத் தொழிற்சாலை பொறியியலாளர் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலை அதிகாரி என்பவர் அனுபவத்தால் மேலே வருபவர். ஒரு பட்டதாரிப் பொறியியலாளருக்கு உண்மையான வேலை மலையகத்தில் எங்கே இருக்கிறது என்றால், அக்கரப்பத்தனையில் உள்ள உடனடித் தேயிலை ஆலை, அம்பேவெலப் பக்கத்துப் பால் பதனிடும் ஆலைகள், நீர் வழங்கல் திட்டங்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரோடு இருந்து உழைக்கலாம் என்ற எண்ணத்தில் இந்தப் பட்டத்துக்குக் கடன் எடுக்கவேண்டாம்.

இரண்டு வழிகளை டீச்சர் கருத்தில் கொள்ளலாம். ஒன்று, தியகமவில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழினுட்ப நிறுவகத்தின் தேசிய தொழினுட்ப டிப்ளோமா. மூன்று வருடம், அதில் ஒரு வருடம் தொழிற்சாலைப் பயிற்சி. இரசாயனப் பொறியியல் தொழினுட்பம் அங்கே ஒரு பிரிவு. விண்ணப்பம் தனியாகக் கோரப்படும், ஆகவே பத்திரிகை விளம்பரத்தைத் தவறவிடக்கூடாது. மற்றது, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் தேயிலைத் தொழினுட்பப் பட்டம். அதற்கு உயர்தரப் பாடத் தகைமை என்ன என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பார்க்கவேண்டும். டிப்ளோமாக்காரரின் முதல் சம்பளம் பட்டதாரியை விடக் குறைவுதான். கடன் இல்லாமல், ஒரு வருடம் முன்னதாக உழைக்கத் தொடங்குகிறார் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.


எட்டியாந்தோட்டை வாசகி எழுதியது:

இங்கே எல்லோரும் கவனமாகவே எழுதுகிறீர்கள், ஆனாலும் ஒரு பக்கம் விடுபடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இலவசக் கல்வி 1945 இல் இந்த நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களில். அந்த இடைவெளியில் மற்றவர்கள் பட்டம் பெற்று, காணி வாங்கி, அந்தக் காணியை ஈடு வைத்துப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பினார்கள். எங்களிடம் ஈடு வைக்கக் காணி இல்லை என்பதற்காக நாங்கள் கடனே வாங்கக்கூடாது என்றால், இந்த இடைவெளி எப்படிக் குறையும்?

பெற்றோர் இருவரும் 2025 இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 நாளும் முழுப் பேர் (முழு நாள் கூலி) போட்டிருந்தால் கூட, சேமலாப நிதி போகக் கையில் 62,100 ரூபாதான். அதிலும் 25 நாள் வேலை கொடுப்பதில்லை, அரைப் பேர் விழும் நாள்கள் வேறு. அந்த வீட்டிலிருந்து ஒருவர் பொறியியலாளரானால் அடுத்த தலைமுறை லயத்துக்குத் திரும்பாது. அந்த மாற்றத்துக்கு வங்கித் தவணை அட்டவணையில் நிரல் கிடையாது.


நுவரெலியா வங்கியாளர் எழுதியது:

அக்கா சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அதே லயம்தான், அதே வரலாறுதான். கடன் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எந்த அளவுக் கடன், யார் கட்டுவது என்று கேட்கிறேன்.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் கட்டணம் கிடையாது. மகாபொல உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மற்றைய உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. அது போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. மடிக்கணினி, தங்குமிடம், ஆங்கில வகுப்பு எல்லாவற்றுக்குமாக ஒரு குடும்பம் 10 இலட்சம் கடன் எடுத்தால், 13 வீதத்தில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 22,750 ரூபா. நான் முன்பு வைத்த சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால் மனநிறைவோடு பரிந்துரைப்பேன்.

60 இலட்சக் கடனில் கையெழுத்துப் போடுபவர் டீச்சர். அவருக்குப் பிணை நிற்பவர்கள் அநேகமாக அவருடைய பாடசாலையின் இன்னும் இரண்டு ஆசிரியர்கள். தம்பிக்கு வேலை கிடைக்க ஒரு வருடம் தாமதித்தால் முதலில் பிடிக்கப்படுவது டீச்சரின் சம்பளம், பிறகு அந்த இருவரின் சம்பளம். எங்கள் ஊர்களில் அரச உத்தியோகத்தர்கள் குறைவு என்பதால், ஒருவரே பல வீடுகளுக்குப் பிணை நிற்கிறார். ஒரு கடன் விழுந்தால் நான்கு குடும்பங்கள் பேசாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். டீச்சரின் திருமணமும் அவருடைய சொந்த வீட்டுக் கடனும் ஏழு வருடங்கள் தள்ளிப் போகும் என்பதையும், அவர் எழுதாவிட்டாலும், நான் எழுதித்தான் ஆகவேண்டும்.


மஸ்கெலியா பெண், இப்போது தோஹா எழுதியது:

நான் இலங்கையில் இதே துறையில் பட்டம் பெற்று, சில காலம் அங்கே உழைத்துவிட்டுக் கட்டாருக்கு வந்தவள். முகவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவற்றைச் சொல்கிறேன், தங்கை குறித்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கு வொஷிங்டன் உடன்படிக்கை என்ற ஒன்று இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் அதில் முழு உறுப்புரிமை பெற்றது. மலேசியா 2009 இலும் இந்தியா 2014 இலும் சேர்ந்தன. ஆனால் ஒரு நாடு உறுப்பினராக இருப்பதால் அந்நாட்டின் எல்லாப் பட்டங்களும் தானாக அங்கீகாரம் பெற்றுவிடுவதில்லை. குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட கற்கைநெறி, குறிப்பிட்ட ஆண்டில், தரச்சான்று பெற்றிருக்கவேண்டும். தரச்சான்று இல்லாத பட்டத்தோடு திரும்பி வந்தால், பட்டயப் பொறியியலாளராகும் பாதை நீளும். 2017 ஆம் ஆண்டின் பொறியியல் பேரவைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதிலும் கேள்விகள் வரும். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குத் திறன் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் முதலில் பார்ப்பது இதைத்தான். அறுபது இலட்சம் கொடுத்து வாங்கும் பட்டத்தை விட, கட்டணமில்லாமல் பேராதனையில் வாங்கும் பட்டம் இந்த விடயத்தில் உறுதியானது.

வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, உண்மை. ஆனால் ராஸ் லஃபான் போன்ற இடங்களில் எரிவாயு ஆலைகளுக்கு ஆள் எடுக்கும்போது அனுபவம் கேட்பார்கள். நேற்றுப் பட்டம் பெற்றவரை இங்கே யாரும் தேடுவதில்லை. ஆகவே டொலர் சம்பளம் வருவது, வந்தால், படிப்பு முடிந்து சில வருடங்களுக்குப் பின்னரே. வங்கி அதுவரைக்கும் பொறுத்திருக்காது.

எட்டியாந்தோட்டை அக்கா சொன்னது போல, என் வீடும் இந்தப் படிப்பால் மாறியது. அந்த மாற்றம் வந்தது நான் கடனில்லாமல் தொடங்கியதால்தான் என்று நினைக்கிறேன். முதல் வேலையில் சம்பளம் குறைவாக இருந்தும், கற்றுக்கொள்ள நல்ல இடம் என்பதால் அங்கே இருக்க முடிந்தது. தவணை கழுத்தை நெரித்திருந்தால், கூடுதலாக ஐயாயிரம் தருகிறார்கள் என்று ஏதாவது விற்பனை வேலைக்குப் போயிருப்பேன். இந்தத் துறை அதோடு கைநழுவியிருக்கும்.


பண்டாரவளையிலிருந்து பியகமைக்கு எழுதியது:

தோஹா அக்கா கடைசியாகச் சொன்னதை எங்கள் தொழிற்சாலையிலும் காண்கிறேன். கடனோடு வரும் பிள்ளைகள் பயிற்சிக் காலம் முடியும் முன்னரே தாவிவிடுகிறார்கள்.

பௌதிக விஞ்ஞானத்தை யாரும் அதிகம் பேசவில்லை. அதில் இரசாயனவியலைச் சிறப்பாகப் படித்தவர்கள் எங்கள் ஆய்வுகூடத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை மாதிரியைச் சோதிப்பது, எங்களுடைய வேலை ஆலையை ஓட்டுவது. தொடக்கத்தில் சம்பள வித்தியாசம் மிகப் பெரிதல்ல, பிற்பாடு பதவி உயர்வில் இடைவெளி கூடும். தம்பிக்கு இயந்திரத்தில்தான் ஆசை என்றால் ஆய்வுகூடம் சலிப்பூட்டலாம். ஒன்றை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்: ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்த பின்னர் மறுபடி வேறொன்றுக்கு விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. பதிவுத் திகதிக்கு முன்னர் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படிப்பு மொழி ஆங்கிலம் என்பதையும் சொல்லவேண்டும். தமிழ் மொழியில் உயர்தரம் முடித்துப் போகும் எங்கள் பிள்ளைகள் முதல் ஆண்டில் திணறுவது பாடத்தால் அல்ல, மொழியால். துறை பிரிக்கும் பெறுபேறும் அந்த ஆரம்பக் காலத்தில்தான் வருகிறது. உயர்தரப் பெறுபேறு வரும்வரைக்கும் வீட்டில் இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிட்டால், அதைவிட மலிவான முதலீடு இல்லை.


கொட்டகலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வங்கியாளர் ஐயா என் திருமணத்தைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவும் தம்பியும் பார்க்கும்படி மேசையில் வைத்தேன். தம்பி முதலில் கோபப்பட்டான். பிறகு, படிக்கும் நான்கு வருட வட்டியை நான் கட்டவேண்டிவரும் என்ற வரிக்குக் கீழே தானே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனான்.

இப்போதைக்கு முடிவு இதுதான். மூன்றாம் தடவைக்கு அவன் விண்ணப்பித்துவிட்டான். பௌதிகத்தில்தான் புள்ளி குறைந்தது என்பதால் அதற்கு மட்டும் ஹட்டனில் வகுப்புக்குப் போகிறான். தேசிய தொழினுட்ப டிப்ளோமா விளம்பரம் வந்தவுடன் அதற்கும் விண்ணப்பிப்போம். பௌதிக விஞ்ஞானத்துக்குக் கடிதம் வந்தால், பதிவுக் கட்டுப்பாடு பற்றி ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஒப்புக்கொள்வதா இல்லையா என்று தீர்மானிப்போம். முகவரிடம், அந்தக் கற்கைநெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா, கட்டணம் எந்த நாணயத்தில், நடுவில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இடத்தை உறுதிப்படுத்த 2 இலட்சம் முற்பணம் கட்டச் சொல்கிறார். பதில் வரும்வரை கட்டலாமா?


நுவரெலியா வங்கியாளர் எழுதியது:

கட்டவேண்டாம். எழுத்தில் பதில் தராதவருக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். தந்தாலும், பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறாரா, பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்கில் போடச் சொல்கிறாரா என்று பாருங்கள். கடிதத்தைக் கொண்டுவந்தால் நான் வாசித்துச் சொல்கிறேன்; கிழமை நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் வாருங்கள், அப்போது கூட்டம் குறைவாக இருக்கும்.